அம்மாவுக்குப் பார்வை இல்லை... அதனால?

பீச் ரோட்டில் சாயங்காலம் காத்து வாங்கிட்டு இருக்கீங்க. பார்வையில்லாத ஒரு அம்மா கைக்குழந்தையோட கடந்து போறாங்க. 'ஐயோ பாவம், எப்படித்தான் வளர்ப்பாங்களோ!'னு தோணும்தானே? அதே 'ஐயோ பாவம்' ஒரு அதிகாரிக்குத் தோணினா?

2010-ல் அமெரிக்காவின் மிசௌரியில் அதுதான் நடந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் பார்வை இல்லை. இவங்க எப்படிக் கவனிப்பாங்கன்னு, பிறந்து இரண்டே நாளான குழந்தையை அரசாங்கம் எடுத்துக்கிட்டது. திரும்பக் கிடைக்க 57 நாள் ஆச்சு! 2011-ல் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்தியது.

நம்ம ஊர்ல? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ஐப் புரட்டுங்க. மாற்றுத்திறனாளிக் குழந்தையை அந்தக் குறைபாட்டைக் காட்டிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. கோர்ட் உத்தரவு வேணும் என்கிறது 9-வது பிரிவு. சூப்பர்! ஆனா, குறைபாடு பெற்றோருக்கு இருந்தா? அந்தப் பிரிவு மூச்சு விடலை. இத்தனைக்கும் 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 23-வது பிரிவு, அதைக் காட்டியும் பிரிக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது.

இன்னொரு பக்கம், 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோர் 'பராமரிக்க இயலாதவர்'னு குழந்தைகள் நலக் குழு முடிவு செய்தால், அது பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை. 'இயலாதவர்'ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள எதை வேணா திணிக்கலாமே, பாஸ்! நல்லவேளை, இல்லத்துக்கு அனுப்புறது கடைசி வழியா மட்டும்தான் இருக்கணும்னு அதே சட்டம் கடிவாளமும் போடுது.

உங்க தெருவில் யாருக்காவது இப்படிச் சிக்கல் வந்தா, 15100-க்கு போன் போடச் சொல்லுங்க. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசமா வக்கீல் தரணும். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் தர்ற உரிமை அது. சலுகை இல்லை.

வளர்க்கிறது எப்படின்னு சந்தேகமா? தவழும் பிள்ளைக்குக் கொலுசு மாட்டி, சத்தத்தை வெச்சே எந்த மூலையில் இருக்குன்னு சொல்லிடலாம். மருந்தை மூடியில் ஊத்தாம, அளவுக்கு வெட்டுக்குறி போட்ட சிரிஞ்சில் எடுக்கலாம். கண்ணு செய்யற வேலையைக் காதும் விரலும் செய்யுது, அவ்ளோதான்.

பார்வையில்லாதவங்க நீதிபதி ஆகலாம்னு 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. யார் குழந்தை யார்கிட்ட வளரணும்னு அவங்க தீர்ப்பே எழுதலாம். சொந்தக் குழந்தையை வளர்க்க மட்டும் முடியாதா என்ன?