செஞ்சிப் பாறைகளை மலைமேல் ஏற்றியது யார்?

செஞ்சிக்குச் சுற்றுலா போய்வந்த வில்லியனூர் மாணவி ஒருவரின் கேள்வி இது. அங்குள்ள கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் இதற்கு விடை சொல்லும் காணொளிகள் பெருகிவிட்டன: ராட்சதர் அடுக்கியது, விண்ணிலிருந்து விழுந்தது. ஒன்றையும் நம்ப வேண்டாம். பாறைகளை யாரும் ஏற்றவில்லை. அவற்றைச் சுற்றியிருந்த மலைதான் இறங்கிப் போய்விட்டது.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் வெகு ஆழத்தில் உறைந்த கருங்கல் இது. மேலே கிடந்த சுமை அரித்துப் போகப் போக, அழுத்தம் தளர்ந்து விரிசல் விட்டது. குறுக்கும் நெடுக்குமான விரிசல்களில் இறங்கிய மழைநீர், கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கியது. இனிதான் அழகே. கல்லின் முகத்தை நீர் ஒரு பக்கமிருந்துதான் தொடும். விளிம்பை இரண்டு பக்கமிருந்து. மூலையை மூன்று பக்கமிருந்து. அதனால் மூலைதான் முதலில் போகும். சதுரக் கல் மண்ணுக்குள் இருந்தபடியே உருண்டையாகும்.

கரும்பு விளையும் ஊர்க்காரர்களுக்கு வெல்லத்தைக் காட்டினால் போதும். தட்டில் வெல்லக்கட்டிகளை நெருக்கி அடுக்கி, தண்ணீரைச் சொட்டவிடுங்கள். இடுக்கில் பாகு ஊறும், கட்டிகள் முனை மழுங்கும். பாகை வழித்துவிட்டால் உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வழித்த விரல் மழை. தட்டின் ஓரமாக ஒழுகும் பாகு ஆறு. வெல்லம் கரைகிறது, கல்லோ வேறு பொருளாக மாறுகிறது; அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது.

கோட்டையின் சரித்திரமும் கொஞ்சம். 1677இல் சிவாஜி அதைப் பிடித்தார். முகலாயர் எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல் வென்றார்கள். 1750இல் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. கோட்டையின் மூன்று குன்றுகளில் உயரமான ராஜகிரியே சுமார் 800 அடிதான். கற்படிகளில் ஏறினால், உச்சிக்குச் சற்று முன்னே ஓர் ஆழமான பிளவு குறுக்கிடும். பாலத்தில்தான் கடக்க வேண்டும். நின்று கீழே பாருங்கள், பாறை பிளந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

இறங்கிப் போன மலை எங்கே? செஞ்சிப் பக்கம் பிறக்கும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றும் பெயர். அது வில்லியனூரைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது. அதன் வண்டலில் அந்தக் களிமண்ணும் ஒரு பங்கு. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்த மாணவி பக்கத்துத் தெருவில் சக்கரத்தில் சுற்றும் மண்ணைத் தொட்டுப் பார்க்கலாம்.