கரைந்துபோகும் சான்று: வீட்டு இனிப்புச் சிற்றுண்டியும் வாங்குவோர் உரிமையும்

தமிழ்நாட்டு வீடுகளில் காலைப் பொழுதுக்கென எளிதாகச் செய்யப்படும் இனிப்புச் சிற்றுண்டிகளுள் வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசைந்த அவல், தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிய ஆப்பம் அல்லது இடியாப்பம், கனிந்த வாழைப்பழத்தைக் கோதுமை மாவோடு கரைத்து ஊற்றும் பணியாரம், கேழ்வரகுப் புட்டு ஆகியவை முதன்மையானவை. விருந்தினர் வரும் நாள்களில் இவற்றோடு பழத்துண்டுகளைக் கஸ்டர்டுப் பாலில் இட்டுக் குளிரவைத்த பழக்கலவையும் சேர்ந்துகொள்கிறது. இவை அனைத்துக்கும் பொதுவான தன்மைகள் இரண்டு: சேர்க்கப்படும் பொருள்கள் நான்கைந்தைத் தாண்டுவதில்லை, அடுப்பில் இருக்கும் நேரமும் மிகக் குறைவு, சிலவற்றுக்கு அடுப்பே தேவையில்லை. செய்வதற்கு எளிது என்னும் பெயரை இவற்றுக்கு ஈட்டித் தந்த இதே தன்மைகள்தாம், வாங்கி வரும் வெல்லத்தின் குறையோ பழத்தின் குறையோ நேராக உண்பவரின் தட்டுக்கு வந்து சேர்வதற்கும் காரணமாகின்றன.

‘வீட்டில் செய்தது’ என்னும் சொல்லுக்குத் தமிழ்க் குடும்பங்களில் இருக்கும் மதிப்பு நியாயமானதே என்றாலும், அந்தச் சொல் உறுதியளிப்பது சமைத்த கையின் தூய்மையை மட்டுமே. சமைத்த பொருளின் தூய்மையை அன்று. கடையில் வாங்கிய இனிப்பில் கோளாறு இருந்தால் உறையும் தேதியும் தயாரிப்பாளரின் பெயரும் கையில் எஞ்சுகின்றன. வீட்டு அடுக்களையிலோ, சில்லறையாக நிறுத்து வாங்கிய வெல்லம் பாகாகக் கரைந்துவிடுகிறது, பழத்தின் தோல் குப்பைக்குப் போய்விடுகிறது, ரசீது பெரும்பாலும் வாங்கப்படுவதே இல்லை. நுகர்வோருக்குச் சட்டம் தந்துள்ள உரிமைகள் சிறியவை அல்ல. அவற்றைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய சான்று சமையலிலேயே கரைந்துபோவதுதான் இதிலுள்ள உண்மையான சிக்கல்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006, குறையுள்ள உணவை மூன்று வகையாகப் பிரித்துக் காண்கிறது. உடல்நலத்துக்குத் தீங்கு தரக்கூடியது ‘பாதுகாப்பற்ற உணவு’. வகுக்கப்பட்ட தர அளவை எட்டாதது, ஆனால் அதனாலேயே தீங்கு தராதது ‘தரங்குறைந்த உணவு’. உறையிலோ விளம்பரத்திலோ பொய்யான அல்லது மயக்கும் தகவலைக் கொண்டது ‘தவறான குறியீடு இட்ட உணவு’. முதல் வகைக்குச் சிறைத்தண்டனை உண்டு. இரண்டாவதற்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும் மூன்றாவதற்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒரே வெல்ல அச்சு இம்மூன்று வகைகளுள் எதற்குள்ளும் விழக்கூடும் என்பதால், இந்தப் பாகுபாடு படிப்பவருக்குத் தோன்றுவதைவிட நடைமுறைப் பயன் மிக்கது.

வெல்லத்தில் நிகழும் கலப்படம் பெரும்பாலும் நிறத்தை முன்னிட்டது. கரும்புச்சாற்றைக் காய்ச்சி இறக்கும்போது இயல்பாகக் கிடைப்பது பழுப்பு நிறமே. ஆனால் வாங்குவோர் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தையே நல்ல வெல்லம் என்று கருதிப் பழகிவிட்டதால், ஆலைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு என்னும் வெளுப்புப் பொருள் சேர்க்கப்படுகிறது. இது விட்டுச்செல்லும் கந்தகச் சேர்மங்கள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டவல்லவை. இதனினும் பரவலானது, ‘அஸ்கா’ என்று மக்கள் வழங்கும் வெள்ளைச் சர்க்கரையைப் பாகில் கொட்டி எடையைக் கூட்டும் வழக்கம். வெல்லத்துக்குப் பெயர்போன சேலம் மாவட்டத்தின் ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இத்தகைய சர்க்கரை மூட்டைகளைப் பலமுறை கைப்பற்றியுள்ளனர். கருப்பட்டியிலும் சர்க்கரைக் கலப்பு நடைபெறுகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் மண்ணோடும் செய்முறையோடும் பிணைந்த பொருளுக்கு மட்டுமே அப்பெயரை உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்த பின்னரும், பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது நின்றபாடில்லை. சிறிது வெல்லத்தை வெந்நீரில் கரைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிவைத்தால் சுண்ணாம்புத் தூள் போன்ற கலப்பு அடியில் படிந்து வெளிப்படும். வெள்ளைச் சர்க்கரை அவ்வாறு வெளிப்படாது, அதற்கு ஆய்வகமே வேண்டும்.

தேனுக்கும் இது பொருந்தும். நீரில் விட்ட துளி கரையாமல் அடியில் இறங்கினால் அது தூய தேன் என்னும் சோதனை, கெட்டியான சர்க்கரைப் பாகும் அவ்வாறே இறங்கும் என்பதால் நம்பத்தக்கதன்று. தேனைப் பற்றிய பெரிய எச்சரிக்கை கலப்படத்தைச் சார்ந்ததே அன்று: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தூய தேனும் ஆபத்தானது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள், முதிராத குடலில் முளைத்து நச்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டுவைக்கும் வழக்கத்தைப் பேண விரும்பும் குடும்பங்கள் இந்த ஓர் உண்மையை முன்னிட்டாவது தேனை விலக்குவது கட்டாயம்.

பழத்தைப் பொறுத்தவரை, பழுக்கவைப்பது வேறு, கார்பைட் கல் வைப்பது வேறு என்னும் தெளிவு முதலில் தேவை. முற்றிய காய் தானே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயுவே அதனைக் கனியச் செய்கிறது. வாழைத்தார்களை மூடிய அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடும் பழைய முறையும், குளிர்பதன அறைகளில் எத்திலீன் செலுத்தும் இன்றைய முறையும் இந்த இயற்கை நிகழ்வை விரைவுபடுத்துபவை மட்டுமே. பத்து லட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த விதிமுறை இடமளிக்கிறது. கால்சியம் கார்பைடோ ஈரம் பட்டவுடன் அசிட்டிலீன் வாயுவை வெளியிடுகிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சங்களும் உள்ளன. ஆகவே அசிட்டிலீனால் பழுக்கவைத்த பழத்தை விற்பதை 2011ஆம் ஆண்டின் விற்பனைத் தடை மற்றும் கட்டுப்பாட்டு விதிமுறைகள் முற்றாகத் தடை செய்கின்றன. மாம்பழப் பருவத்தில் கோயம்பேடு போன்ற மொத்தச் சந்தைகளில் சோதனைகள் நடைபெறுவதும், டன் கணக்கில் பழங்கள் அழிக்கப்படுவதும் இந்த விதியின் கீழ்தான்.

காம்பு பச்சையாகவும் தோல் மஞ்சளாகவும் உள்ள வாழைப்பழம் கார்பைடு வைத்தது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. முறைப்படி எத்திலீன் அறையில் பழுத்த பழமும் அவ்வாறே இருக்கும். தோல் முழுதும் ஒரே சீராக மஞ்சளாகி, உள்ளே சதை கெட்டியாகவும் புளிப்பாகவும் மணமின்றியும் இருக்கும் மாம்பழம் ஐயத்துக்கு இடமளிக்கிறதே தவிர, குற்றத்தை மெய்ப்பிப்பதில்லை. இந்த வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஊசிமூலம் ஏற்றப்படுவதாகப் பரவிய பேச்சினால் விலை சரிந்து, பழங்கள் வயலிலேயே தேங்கி, தமிழ்நாட்டு விவசாயிகள் பெரும் நட்டத்துக்கு ஆளாயினர். ஆய்வகத்தின் சொல்லுக்குக் காத்திராத விழிப்புணர்வு, கலப்படத்தைப் போலவே ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கவல்லது.

கஸ்டர்டுப் பொடி என்பது மக்காச்சோள மாவும் வாசனைப் பொருளும் நிறமியும் சேர்ந்த கலவையே. அதன் மஞ்சள் நிறத்துக்குச் சேர்க்கப்படும் டார்ட்ராசின், சன்செட் எல்லோ ஆகிய செயற்கை நிறமிகள் குறிப்பிட்ட அளவு வரை அனுமதிக்கப்பட்டவை. உறையில் இவை முறையே 102, 110 என்னும் எண்களால் குறிக்கப்படுகின்றன. நிறமி வேண்டாதவர்கள் அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துச் சேர்த்துக் காய்ச்சி, மாம்பழக் கூழோ சிறிது குங்குமப்பூவோ கலந்தால் அதே பதமும் அதனினும் நல்ல மணமும் கிடைக்கும். அனுமதிக்கப்பட்ட நிறமியையும் துணிச்சாயத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது: ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் கலந்திருந்ததாலேயே 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டது. உறையின் முகப்பில் உள்ள பெருமொழியைவிட, எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படும் உட்பொருள் பட்டியலே நம்பத்தக்கது. செறிவூட்டிய சாற்றில் நீர் கலந்து செய்யப்படும் பானங்களுக்கு ‘நூறு விழுக்காடு பழச்சாறு’ என்று பெயரிடுவதை நீக்குமாறு 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது.

கலப்படமே இல்லாத பொருளிலும் அளவு என்னும் இடர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ‘தனிச் சர்க்கரை’ என்று வரையறுப்பது, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள இனிப்பையும் உள்ளடக்கியது. முழுப்பழத்திலும் பாலிலும் உள்ள இனிப்பு இதில் சேராது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராமுக்குள்ளும், முடிந்தால் 25 கிராமுக்குள்ளும் இருத்தல் வேண்டும். ஒரு கிண்ணம் அவலில் 50 கிராம் வெல்லம் சேர்த்தாலே ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது என்பதால், வெல்லமும் கருப்பட்டியும் நீரிழிவுக்கு நல்லவை என்னும் நம்பிக்கை இந்தக் கணக்கின் முன் நிற்பதில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. பழத்தைச் சாறாக்காமல் துண்டுகளாகவே உண்பது இவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கோ பழக்கலவையே ஆராய்ந்து உண்ண வேண்டியது: வாழைப்பழத்தின் பொட்டாசியம் அவர்கள் உடலில் தேங்கும், நட்சத்திரப் பழமோ விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுசெல்லக்கூடியது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே தர வேண்டும். முழுத் திராட்சை தொண்டையை அடைக்கும். நறுக்கிய பழத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்தல் ஆகாது.

தீர்வுகளுள் மிகக் குறைவாக அறியப்பட்டதும் மிகப் பயனுடையதும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவே. எந்த உணவுப்பொருளையும் வாங்குபவர், கட்டணம் செலுத்தி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதனை ஆய்வுக்கு அளிக்கலாம். ஆய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மாதிரி கிடைத்த 14 நாள்களுக்குள் அறிக்கை தரப்படவேண்டும். பொருள் தரவிதிக்கு ஒவ்வாதது எனத் தெரிந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் இதற்கான அரசு ஆய்வகங்கள் உள்ளன. அன்றாடம் வாங்கும் கடைக்காரரின் முகத்துக்கு நேராக இதைச் சொல்வது எளிதன்று என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வாறு சொல்லத் தயங்குவோர் 94440 42322 என்னும் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு புகார் அனுப்பினால், மாதிரி எடுக்கும் பொறுப்பு அதிகாரியைச் சாரும். ரசீதும், சமைக்காமல் எடுத்துவைத்த ஒரு துண்டு வெல்லமோ ஒரு பழமோ கைவசம் இருந்தால் புகாருக்கு வலு கூடும். ரசீது தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வகைப்படுத்துகிறது.

உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி இழப்பீடு பெறலாம்: உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரையிலும், பிற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரையிலும் விற்றவரோ தயாரித்தவரோ தரவேண்டிவரும். இதற்கு மருத்துவரின் சீட்டில் ஐயத்துக்குரிய உணவின் பெயர் எழுதப்பட்டிருப்பது பெருந்துணையாகும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை வழக்கறிஞர் இன்றியே, தாம் வாழும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. வழக்குக்கு முன் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள விரும்புவோருக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

வீட்டில் செய்த பணியாரத்தையோ பழக்கலவையையோ அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவது வேறு, வாட்ஸ்அப் குழுவில் விலை குறித்து விற்பது வேறு. உணவுத்தொழில் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் இலாப நோக்கு கட்டாயமில்லை. கோயில் அன்னதானக் கூடங்களும் பதிவுக்கு உட்படுத்தப்படுவது அதனால்தான். ஆகவே ஒழுங்காக விற்கத் தொடங்கும் இல்லத்தரசி சிறு உணவுத்தொழில் செய்பவராகத் தம் அடுக்களையைப் பதிவு செய்துகொள்ளவும், உறையிட்டு விற்பதாயின் உட்பொருளையும் தேதியையும் 14 இலக்கப் பதிவு எண்ணையும் அதில் குறிக்கவும் கடமைப்பட்டவர். வெல்லம் வாங்கிய ரசீதை அவர் பத்திரப்படுத்தினால், தம்மிடம் வாங்கியவரின் புகார் வந்து நிற்கும் நாளில், குற்றம் எந்த மண்டியில் தொடங்கியது என்று காட்ட அவரிடம் ஒரு தாளாவது இருக்கும்.