நீறு பூத்த நெருப்பு: விறகடுப்புப் பராமரிப்பை விளக்கி எழுதுவது எப்படி?



‘நீறு பூத்த நெருப்பு’ என்பதற்குப் பொருள் கேட்டால், வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பது என்று மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த நெருப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஜார்ஜ் டவுனில் பெரும்பாலான வீடுகளில் கேஸ் அடுப்புதான். விறகடுப்பைப் பொங்கலன்று வீட்டு வாசலில் பார்க்கிறோம். கரியடுப்பைச் சாத்தே கடையிலும் அப்பக் கடையிலும் பார்க்கிறோம். அவ்வளவுதான்.

அதனால் ‘அடுப்பைப் பராமரிப்பது எப்படி?’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், “சாம்பலை அள்ள வேண்டும், துடைக்க வேண்டும்” என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஏன் அள்ள வேண்டும் என்பது வருவதே இல்லை. விளக்கக் கட்டுரைக்கு மதிப்பெண் அந்த ‘ஏன்’ என்பதில்தான் இருக்கிறது.

பராமரிப்பு ஏன் முக்கியம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் மட்டும் வீட்டுக்குள் உண்டாகும் அடுப்புப் புகை போன்ற காற்று மாசினால் சுமார் 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அப்படியானால் நல்ல அடுப்பைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். ஒடிசாவில் புகைபோக்கி வைத்த அடுப்புகளைக் கிராமத்து வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் நான்கு ஆண்டுகள் அதைக் கவனித்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துபோனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பழுதுபார்க்கவும் இல்லை. அடுப்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பாருங்கள்.

புகை எங்கிருந்து வருகிறது?

புகை என்பது முழுசாக எரியாத விறகு. ஈர விறகு வைத்தாலும், காற்று போகும் வழி அடைத்திருந்தாலும் புகை கூடும். அதுவே பாத்திரத்தின் அடியில் கரியாகவும், புகைபோக்கிக்குள் தார் போன்ற பிசுக்காகவும் படிகிறது. பிசுக்கு தடித்தால் வழி குறுகும். ஒருநாள் அதுவே தீப்பிடித்துக்கொள்ளும். ஆகவே அடுப்பைச் சுத்தம் செய்வது என்றால், காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வழிவிடுவது. கட்டுரையின் மையக் கருத்து இதுதான். மற்ற படிகள் எல்லாம் இதை ஒட்டியே வரும்.

படிகளும் காரணங்களும்

1. அடுப்பு நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். சூடான மண் அடுப்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

2. கரியடுப்பில் சல்லடைத் தட்டின் கீழே இருக்கும் சாம்பலை ஒவ்வொரு முறையும் அள்ள வேண்டும். கரிக்குக் கீழிருந்துதான் காற்று வருகிறது. தட்டு இல்லாத விறகடுப்பில் மெல்லிய சாம்பல் படுகை இருக்கலாம். அது சூட்டைத் தாங்கிக்கொள்ளும்.

3. அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும். சாம்பல் சூட்டை வெளியே விடாது. அதனால் உள்ளே கங்கு ஒருநாள், இரண்டு நாள்கூட உயிரோடு இருக்கும். மேலே பார்த்தால் வெறும் வெள்ளைச் சாம்பல்தான் தெரியும். இதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அஞ்சடியில் வைத்தால் என்ன ஆகும்? மரத்தளம் போட்ட பழைய கடைவீடுகள் நெருங்கி நிற்கும் ஊர் நம்முடையது.

4. அடுப்பில் சாம்பலை நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. சாம்பல் ஈரத்தை இழுக்கும். பினாங்கில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை. ஈரச் சாம்பல் பட்ட இரும்புத் தட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

5. விரிசலைக் களிமண் பூசி அடைக்க வேண்டும். புகைபோக்கியை அடிக்கடி பார்த்து, நீண்ட தூரிகையால் தேய்த்துவிட வேண்டும்.

புகையாத நெருப்பு

நெருப்பில்லாமல் புகையாது என்பது சரி. ஆனால் புகையாத நெருப்பும் உண்டு. பேராக்கின் மாத்தாங் காட்டுப் பாக்காவ் மரங்களைக் கோலா செபெத்தாங் சூளைகளில் நாள்கணக்கில் வாட்டிக் கரியாக்குகிறார்கள். புகையாகப் போக வேண்டியது சூளையிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கரி அதிகம் புகைவதில்லை. புகை இல்லையே என்று கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துவிடாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து வரும். இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம், உயிரே போகலாம். அடுப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கரியைத் திறந்த வெளியில்தான் மூட்ட வேண்டும்.

வகுப்பில் செய்ய

• தணல், கங்கு, கரி, சாம்பல், நீறு ஆகிய சொற்களின் வேறுபாட்டை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்கச் சொல்லுங்கள்.

• மேலே உள்ள ஐந்து படிகளில் ஒன்றை எடுத்து, ‘ஏனெனில்’, ‘ஆகவே’, ‘இல்லையேல்’ ஆகிய இணைப்புச் சொற்களோடு ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

• ‘நீறு பூத்த நெருப்பு’ என்ற தொடரைப் பயன்படுத்தி ஒரு சூழல் எழுதச் சொல்லுங்கள். சாம்பல் வாளியைப் பற்றித் தெரிந்துகொண்ட மாணவர், இனி அந்தத் தொடரை அர்த்தம் புரிந்து எழுதுவார்.