வாசலில் துப்பாக்கி, வழியில் பயம்

ஆவடிக்காரர்களுக்குச் சீருடை புதிதல்ல. டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று சீருடையோடு வளர்ந்த ஊர் அது. ஆனாலும் தேர்தல் நாளில் பள்ளிக்கூட வாசலில் துப்பாக்கியோடு ஜவான் நின்றால், "மிலிட்டரி வந்துடுச்சு" என்பதுதான் காலனிப் பேச்சு.

வந்திருப்பது மிலிட்டரி அல்ல. ராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. சி.ஆர்.பி.எஃப். உள்துறையின் கீழ் உள்ள ஆயுதக் காவல் படை. தேர்தல் பணியில் இருக்கும்வரை அதற்குத் தேர்தல் ஆணையமே மேலிடம். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கூப்பிடாமல் அவர்கள் உள்ளே நுழையக் கூடாது. அந்த அலுவலர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராக இருப்பார். துப்பாக்கிக்காரர் வெளியே, வாத்தியார் உள்ளே. நம் ஜனநாயகத்தில் எனக்குப் பிடித்த காட்சி இது.

பக்கத்து மியான்மரில் இது தலைகீழானது. 2020 நவம்பர் தேர்தலில் வாக்காளர் பட்டியல் மோசடி என்றது ராணுவம். அந்நாட்டுத் தேர்தல் ஆணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த நாளிலேயே ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. திருட்டை விசாரிக்க வந்தவரே வீட்டை எடுத்துக்கொண்ட கதை.

அதற்காக மோசடி பயமே வீண் என்று சொல்ல முடியுமா? 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 13 சாவடிகளில் மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அதில் ஒன்று பூந்தமல்லி தொகுதியின் மேவளூர்குப்பம். பூந்தமல்லியும் தனித் தொகுதி, அது அடங்கிய திருவள்ளூரும் தனித் தொகுதி. வேட்பாளர் தலித்தாக இருப்பதாலேயே வாக்காளர் போகும் வழி பத்திரமாகிவிடாது. அதே ஏப்ரல் 18-ல் அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. அந்த ஊர் அடங்கிய சிதம்பரத்தில் திருமாவளவன் வென்றது வெறும் 3,219 வாக்குகளில். இயந்திரத்தில் சிப் வைத்தார்களா என்று டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறோம். காலனியிலிருந்து சாவடிவரை உள்ள தெருவைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை.

மேலவளவை மறக்க முடியுமா? ஊராட்சித் தலைவர் பதவி தனியானதும் 1996-ல் சாவடி தாக்கப்பட்டு வாக்குப்பெட்டிகள் பறிபோயின. பலத்த போலீஸ் காவலில் மறுபடி தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, பட்டப்பகலில், அவரையும் சேர்த்து ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வாக்குப்பதிவு நாளுக்கு வந்த காவல் அந்த நாளோடு போய்விட்டது.

கையில் இருக்கும் சட்டத்தையாவது மாணவர்கள் தெரிந்து வைத்திருக்கட்டும். உங்கள் வாக்கை வேறு யாரோ போட்டுவிட்டால் திரும்பி வராதீர்கள்; 49பி விதியைச் சொல்லி 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். அது சீட்டில் போடும் ஓட்டு. சாதாரணமாக எண்ணிக்கையில் சேராது. ஆனால் வழக்கு வந்தால் சாட்சி. சாவடி முகவராக உட்காரும் காலனிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: பதிவான மொத்த ஓட்டைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை, வாக்குப்பதிவு முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.