மலிவு விலை அடுக்குமாடி: வீடு நம்முடையது, மின்தூக்கி யாருடையது?

மின்தூக்கி பழுதாகிக் கிடந்தால் நம்மவர்கள் முதலில் திட்டுவது நகராண்மைக் கழகத்தை, அடுத்து சட்டமன்ற உறுப்பினரை. வாடகை வீடு என்றால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கோலாலம்பூரில் மாநகராட்சி மன்றம் மாதம் 124 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விடும் பிபிஆர் வீடுகளில் கட்டடத்தின் சொந்தக்காரர் மன்றம்தான். பழுதுபார்ப்பதும் அதன் பொறுப்பு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய மலிவு விலை வீட்டின் கதை வேறு.

1980-களின் தொடக்கத்தில் அரசாங்கம் இத்தகைய வீட்டின் விலையை 25,000 ரிங்கிட் என நிர்ணயித்தது. மேம்பாட்டாளர்கள் தங்கள் திட்டங்களில் 30 விழுக்காட்டை மலிவு வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 1998-இல் இடத்தைப் பொறுத்து விலை 42,000 வரை உயர்த்தப்பட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்குக் கிடைத்தது இப்படிப்பட்ட வீடுதான். விலையைக் கட்டுப்படுத்திய இந்தக் கொள்கை, வாங்கிய பிறகு ஆகும் செலவைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் கிராணியிடம் போய்ச் சொல்வோம். செய்து கொடுத்தார்களோ இல்லையோ, சொல்ல ஓர் ஆள் இருந்தார். அடுக்குமாடியில் நிர்வாகம் என்பதே வீட்டு உரிமையாளர்கள்தான்.

2015 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒவ்வோர் உரிமையாளரும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அதில் 10 விழுக்காட்டைத் தனியாகச் சேம நிதிக்கும் கட்ட வேண்டும். மின்தூக்கியை மாற்றுவது, சாயம் பூசுவது போன்ற பெரிய வேலைகளுக்கு உதவுவது இந்தச் சேம நிதிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வீடுகள், மாதம் 50 ரிங்கிட் என்றால் 15,000 சேர வேண்டும். பாதிப்பேர் கட்டாவிட்டால் கையில் 7,500 மட்டுமே. குப்பை, துப்புரவு, பொது விளக்கு, நீர் ஏற்றும் பம்பு என்று செலவு போன பின் மின்தூக்கிக்கு என்ன மிஞ்சும்? “லிப்ட் ஓடவில்லை, எதற்குக் காசு?” என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காசு வராததால்தான் அது ஓடவில்லை.

நிலுவை வைத்திருப்பவருக்கு இன்னோர் இழப்பும் உண்டு. பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு வரை பாக்கி தீராவிட்டால் அவர் வாக்களிக்க முடியாது. நூறு பேர் கோபமாக இருந்தாலும் முடிவெடுப்பவர் பத்துப் பேராகிவிடுகிறார்கள். நிர்வாகக் குழுவின் கணக்கில் சந்தேகம் உள்ளவர்தான் முதலில் பாக்கியைக் கட்ட வேண்டும் என்பேன். தணிக்கை செய்த கணக்கைக் கூட்டத்தில் வைக்க வேண்டியது குழுவின் கடமை. வைக்காவிட்டால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் விசாரிக்கிறது.

பழைய மலிவு விலை அடுக்குமாடிகளின் மின்தூக்கி, நீர்த்தொட்டி, கூரை ஆகியவற்றைச் சரிசெய்ய வீடமைப்பு அமைச்சின் பராமரிப்பு நிதி உதவுகிறது. குடியிருப்பில் முறையாக இயங்கும் நிர்வாக அமைப்பு இல்லையென்றால் அந்த உதவியைக் கேட்டுப் பெறுவதும் சிரமம்தான்.

நம் குடும்பங்களில் அதிகம் காணும் சிக்கல் இன்னொன்று: வீடு இன்னும் மறைந்த அப்பாவின் பெயரிலேயே இருக்கும். கூட்டத்தில் குரல் கொடுப்பது உரிமையாளரின் உரிமை. பிள்ளைகள் அங்கே குடியிருப்பது மட்டும் போதாது. இறப்புச் சான்றிதழ், வீட்டுக் கிராண்ட் அல்லது கொள்முதல் ஒப்பந்தம், வாரிசுகளின் அடையாள அட்டை ஆகியவற்றுடன் நில அலுவலகத்துக்குச் சென்று, சிறு சொத்துப் பங்கீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள்.