மன்னார் முத்துச் சலாபமும் விதிவழிப் பங்கு வாணிகமும்: தனி வணிகர் மென்பொருள் தேர்தல் பற்றிய ஒரு நோக்கு

பங்குச் சந்தையில் விதிவழி வாணிகம் செய்ய விழையும் தனி ஒருவர் முதலில் எழுப்பும் வினா, எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதாகவே பெரும்பாலும் அமைகின்றது. வினா பொருத்தமற்றதன்று, ஆயின் அஃது உரிய இடத்திற்கு முன்னரே வந்துவிடுகின்றது. விதி இன்னது, அதனைச் சோதித்தற்குரிய தரவு இன்னது, ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஆகும் செலவு இத்துணை என்பன தெளிவுற்ற பின்னரே கருவியைத் தேரலாம். இவ்வுண்மையை விளக்குதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மன்னார்க் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு, காணாப் பொருளை விதிகொண்டு விலை மதித்து வாங்கும் வாணிகத்துக்கு நம்மவர் நன்கறிந்த சான்றாகும்.

சலாபத்தில் விற்கப்பட்டது முத்தன்று, திறவாத சிப்பியே. குளிப்பின் முன்னர்ப் பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அழுகவிட்டுக் கழுவப்பட்டு, அவற்றிற் கிடைத்த முத்துக்கள் மதிப்பிடப்பட்டன. ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்னும் மதிப்பு அறிவிக்கப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில், குளித்தெடுத்த சிப்பிகளுள் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கும் இரு பங்கு அரசுக்கும் உரியனவாயின. அரசின் பங்கு கொட்டு எனப்பட்ட அடைப்பில் ஆயிரம் ஆயிரமாக ஏலமிடப்பட்டது. செட்டிமாரும் மரைக்காயரும் பம்பாய் வணிகரும் அங்குக் கூடினர். ஒரு சில சிப்பிகளை மட்டும் வாங்கித் திறந்து நல்லூழை நாடிய எளியோரும் இருந்தனர்.

முத்து கைக்கு வந்த பின் அதனை மதித்த முறையே இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. இருபது, முப்பது, ஐம்பது, எண்பது, நூறு, இருநூறு, நானூறு, அறுநூறு, எண்ணூறு, ஆயிரம் எனத் துளைகள் அமைந்த பத்துப் பித்தளைச் சல்லடைகளால் முத்துக்கள் பருமன் வாரியாகப் பிரிக்கப்பட்டன. யாவற்றினும் வழிந்து வீழ்ந்தது தூள். அதன்பின் உருட்சி, நிறம், ஒளி ஆகியன நோக்கி ஆணி முதலாக வகைப்படுத்தினர். ஒவ்வொரு வகையையும் மஞ்சாடியால் நிறுத்துச் செவ்வுக் கணக்கிட்டனர். நிறையின் வர்க்கத்தை முக்காலாற் பெருக்கி, முத்தின் எண்ணிக்கையால் வகுக்க வருவது செவ்வு. இரண்டு மஞ்சாடி நிறையுள்ள தனி முத்து ஒன்றின் செவ்வு மூன்று; அதே இரண்டு மஞ்சாடி நிறை நான்கு முத்துக்களாற் கூடினால் செவ்வு முக்காலே. நான்கு மஞ்சாடித் தனி முத்துக்கோ செவ்வு பன்னிரண்டு. நிறை இரட்டித்தால் மதிப்பு நான்மடங்காகும் என்னும் சந்தையின் பட்டறிவு இவ்வாறு ஒரு வாய்பாட்டுள் அடங்கியது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சல்லடையும் தராசும் வாய்பாடும் எவர் கையிலும் ஒரே விடையைத் தந்தன. ஆணி இது, ஆணி அன்று என்னும் முடிவோ கண்ணின் பாற்பட்டது. ஒரு செவ்வுக்கு அன்று என்ன விலை என்பதையும் சந்தையே கூறிற்று. எது பொறியின் பணி, எது மனிதனின் பணி என்னும் பாகுபாடு அவ்வணிகருக்குத் தெளிவாக இருந்தது. இன்று மென்பொருள் வாங்குவோர் பலரிடம் இப்பாகுபாட்டைக் காண்டல் அரிது. ‘பங்கு வலுவாக ஏறும்போது வாங்குக’ என்பது விதியன்று. ‘இறுதி விலை கடந்த ஐம்பது நாட்களின் உச்சத்தைத் தாண்டின் மறுநாள் வாங்குக, இருபது நாட்களின் தாழ்நிலைக்குக் கீழ்ச் செல்லின் விற்க, ஒரு பங்கில் முதலின் பத்தில் ஒன்றுக்கு மேல் இடற்க’ என்பது விதி. இவ்வாறு தாளில் எழுத இயலாத ஒன்றை எந்த மென்பொருளும் நிறைவேற்றாது.

விதி எழுதப்பட்டதும் அதனைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மென்பொருளின் முதன்மைப் பயன் இதுவே. பேரிடரும் இதன்கண்ணே உளது. மன்னார் வரலாறு இவ்விடத்துக் கடுமையான பாடத்தைத் தருகின்றது. 1903, 1904 ஆகிய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4 கோடியே 10 இலட்சம் சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1905 இல் அத்தொகை 8 கோடியைத் தாண்டிற்று. அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவை மேவிற்று. பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னலும் பார்களை அறிவியல் முறையில் ஆராய்ந்து வந்த காலமும் அதுவே. 1906 இல் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி ஆண்டுக்கு 310,000 ரூபா குத்தகைக்கு, இருபது ஆண்டுக் காலத்துக்குப் பார்களை எடுத்தது. அவ்வாண்டு 6 கோடியே 70 இலட்சம் சிப்பிகள் கிடைத்தன. 1907 இல் 2 கோடியே 10 இலட்சம். பின்னர்ப் பார்கள் வறண்டன. 1912 இல் கம்பனி கலைக்கப்பட்டது. அடுத்த குளிப்பு 1925 இலேயே நிகழ்ந்தது.

கம்பனியாரிடம் அறிவியல் இல்லை எனல் ஆகாது. தரவும் இருந்தது. 1838 முதல் 1854 வரையும், 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் குளிப்பு நிகழவில்லை என்பது அரசாங்கப் பதிவேடுகளில் உள்ள செய்தி. நீரோட்டத்தால் மணல் பெயர்ந்து இளஞ்சிப்பிகள் புதைதலும், திருக்கையும் கிளாத்தியும் அவற்றைத் தின்னுதலும் ஆராய்ச்சியாளர் அறிந்தனவே. அதற்கும் முன்னர், 1797 இல் 144,000 பவுண், 1798 இல் 192,000 பவுண் என உயர்ந்த வருவாய் அதன்பின் சரிந்ததும் மறைவான செய்தியன்று. ஆயினும் நல்லாண்டுகளின் ஒளியில் நெடுங்காலக் குத்தகை எழுதப்பட்டது. நூறாண்டுத் தரவு கையிலிருக்க, மூன்றாண்டுத் தரவினை நம்பியதற்கு ஒப்பானது அது.

ஆதலின் மென்பொருள் ஒன்றை நோக்குகையில் அதன் திரையழகினும் தரவின் நீளமும் தூய்மையும் முதற்கண் ஆராயத்தக்கன. கொழும்புப் பங்குச் சந்தையில் வாணிகம் செய்வோர், அச்சந்தையின் நாளிறுதி விலைகளை அம்மென்பொருள் ஏற்குமா என வினவுக. பங்குப் பிரிப்பு, உபகாரப் பங்கு, உரிமைப் பங்கு வழங்கல் ஆகியவற்றுக்கேற்பப் பழைய விலைகள் திருத்தப்பட்டுள்ளனவா என நோக்குக. திருத்தப்படாவிடின், ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்ட நாளில் விலை பாதியாக வீழ்ந்ததாகக் கொண்டு பொறி விற்குமாறு பணிக்கும். பட்டியலிலிருந்து நீங்கிய கம்பனிகளின் விலைகளும் வேண்டும். எஞ்சி வாழும் கம்பனிகளை மட்டும் வைத்துச் சோதித்தல், வளம் பெற்ற பார்களை மட்டும் எண்ணுவதற்கு நிகர். நம் சந்தையில் நாட்கணக்கில் கைமாறாத பங்குகளும் உள. அத்தகைய பங்கில் நேற்றைய விலைக்கு ஆயிரம் பங்கு வாங்கியதாகச் சோதனை கூறின், விற்பவர் எவரும் இல்லாத விலையில் வாங்கியதாகவே அது பொருள்படும். நாளாந்தப் புரள்வின் ஒரு சிறு பகுதிக்கு மேல் வாங்கலாகாது என்னும் கட்டுப்பாட்டை விதியுள் எழுத இடந்தராத மென்பொருள் இச்சந்தைக்கு உதவாது.

செலவு பற்றியும் கூறல் வேண்டும். கொழும்பில் தரகு, சந்தைக் கட்டணம், அரச அறவீடு யாவும் சேர, வாங்கும்போதும் விற்கும்போதும் தனித்தனியே நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட அறவிடப்படுவது வழமை. ஒரு இலட்சம் ரூபா முதலை ஒரு முறை இட்டு மீட்க இரண்டாயிரத்து இருநூறு ரூபா அளவிற் கழியும். ஆண்டுக்கு இருபது முறை அவ்வாறு செய்யத் தூண்டும் விதி, இலாபம் ஈட்டுமுன் முதலின் ஐந்தில் இரு பங்குக்கு மேற்பட்டதைச் செலவாகவே தின்றுவிடும். மென்பொருளின் விலையையும் இக்கணக்கிற் சேர்த்தல் முறை. ஆண்டுச் சந்தா 60,000 ரூபா எனவும் முதல் 300,000 ரூபா எனவும் கொள்வோம். நூற்றுக்கு இருபது ஈட்டினால் மட்டுமே அவ்வணிகர் தொடங்கிய இடத்தில் நிற்பார். மன்னாரிலிருந்து சிறு சேமிப்புடன் இறங்கும் ஆசிரியருக்கோ மீன்பிடித் தொழிலாளிக்கோ இஃது ஏட்டுக் கணக்கன்று, வீட்டின் பணம்.

இந்நோக்கிற் கருவிகளைப் பார்ப்பின், எக்செல் போன்ற கணக்கேடே பலருக்கு முதற்கட்டத்தில் அமையும். பத்துப் பங்குகள், நாளுக்கு ஒரு விலை, இரண்டு விதி என்பதற்கு மேற்பட்ட பொறி வேண்டியதில்லை. டிரேடிங்வியூ உலாவியில் இயங்குவது. தனக்கெனப் பைன் என்னும் எழுத்துமுறை உடையது. எனினும் அதன் சோதனை ஒரு நேரத்தில் ஒரு பங்கின்மேல் நடப்பது. பல பங்குகளுக்கிடையே முதலைப் பகிரும் விதியைச் சோதிக்க அமிபுரோக்கர் ஏற்றது. அது சொந்தக் கணினியில் நிறுவப்படுவது, தரவை நாமே ஊட்டலாம். நிரல் எழுத அறிந்தோர்க்குப் பைதன் மொழி விலையின்றிக் கிடைக்கின்றது; ஆயின் தம் பிழையைத் தாமே கண்டுபிடிக்கும் பொறுமை வேண்டும். மெட்டாடிரேடர் பெரிதும் அந்நியச் செலாவணி வாணிகத்தைச் சார்ந்தது. இலங்கை வதிவோர் இணையவழி அத்தகைய வாணிகத்துக்குப் பணம் அனுப்புதல் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு முரணாகலாம் என மத்திய வங்கி எச்சரித்துள்ளமையை மறத்தலாகாது. விதியை மறைத்து வைத்து, இலாபம் உறுதி எனக் கூறி விற்கப்படும் பொறிகளைப் பற்றி இங்கு ஆராய வேண்டியதில்லை. சிப்பியின் மாதிரியையே காட்ட மறுக்கும் ஏலக்காரனிடம் சலாபத்தில் எவர் வாங்கியிருப்பர்?

பொறியே கட்டளையைச் சந்தைக்கு அனுப்புதல் வேண்டுமா என்பது அடுத்த வினா. தரகர் அதற்கு இசைவு தருவாரா என எழுத்திற் கேட்டறியாமல் அத்தகைய மென்பொருளுக்குப் பணம் கொடுத்தலாகாது. நாளிறுதி விலையைக் கொண்டு இயங்கும் விதிக்கு அது தேவையுமில்லை. மாலையிற் பொறி கூறுவதைக் குறித்துக்கொண்டு, மறுநாட் காலையில் தரகரின் திரையில் தாமே கட்டளையிடலாம். மின்தடையும் இணையத் தடையும் நேரும் ஊரிலிருப்போர்க்கு இதுவே இடர் குறைந்தது.

சோதனை முறையைப் பற்றி இன்னும் ஒன்று. இருபதாண்டுத் தரவு கிடைப்பின் முற்பாதியில் மட்டும் விதியை அமைத்து, பிற்பாதியைத் தொடாது வைத்து, முடிவில் ஒரே முறை ஓட்டுதல் நன்று. ஐம்பது நாளா, ஐம்பத்து மூன்று நாளா என மாற்றி மாற்றி மிகுந்த இலாபம் தரும் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதியை மென்பொருள்கள் பெருமையோடு விளம்பரப்படுத்துகின்றன. ஐம்பத்து மூன்றில் இலாபமும் ஐம்பதில் நட்டமும் காட்டும் விதி, கடந்த காலத்தின் தற்செயலைப் படியெடுத்ததேயாகும்.

சந்தை மூடியிருந்த நாட்களும் தரவில் இடம்பெறல் வேண்டும். 2020 மார்ச்சின் பிற்பகுதி முதல் மே 11 வரை கொழும்புச் சந்தை இயங்கவில்லை. 2022 ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலை நாட்கள் மீண்டும் நிறுத்தப்பட்டது. ‘விலை வீழ்ந்தால் மறுநாள் விற்க’ என்னும் விதியைக் கொண்டவர் அந்நாட்களில் விற்க வாயில் இல்லாதிருந்தார். தம் விதியை அவ்விரு இடைவெளிகளின் முன்னும் பின்னும் ஓட்டி, மீளத் திறந்த நாளின் விலைக்கே விற்றதாகக் கணக்கிடச் செய்து, அதன் பின்னும் எஞ்சும் முதல் எவ்வளவெனக் கண்டபின் சந்தாப் பணத்தைச் செலுத்துவது தகும்.