தஞ்சைக் கிராமம் காட்டிய மூன்று அளவுகோல்கள்

சமூக ஏற்றத்தாழ்வு என்றால் ஏழைக்கும் பணக்காரருக்கும் உள்ள இடைவெளி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் உடைமையால் அமையும் வர்க்கம், ஊரார் தரும் மரியாதையால் அமையும் மதிப்புநிலை, பிறரைத் தன் விருப்பத்துக்குப் பணியவைக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்றும், ஒன்றில் உயர்ந்தவர் மற்றொன்றில் தாழ்ந்திருக்கக்கூடும் என்றும் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் பிரித்துக் காட்டினார்.

இப்பகுப்பைத் தஞ்சை மண்ணில் உரைத்துப் பார்த்தவர் ஆந்த்ரே பெத்தேய். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த அவர், ஸ்ரீபுரம் என்ற மாற்றுப்பெயரில் அதை விவரித்து, சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய தம் நூலை 1965இல் வெளியிட்டார். அக்ரகாரத்தில் தங்கியதாலேயே அவரும் பிராமணரைப் போல நடத்தப்பட்டார். சேரிக்குள் இயல்பாகப் போய்வருவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆராய வந்தவரையும் ஊர் தன் படிநிலைக்குள் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டது.

ஊரின் பழைய அமைப்பில் நிலம் பெரும்பாலும் பிராமண மிராசுதாரர்களிடமும், குத்தகைச் சாகுபடி பிராமணரல்லாத குடியானவர்களிடமும், நடவும் அறுப்பும் சேரிப் பண்ணையாட்களிடமும் இருந்ததால், மூன்று அளவுகோல்களும் ஒரே விடையைத் தந்தன. நகரத்து உத்தியோகத்தை நாடிப் பிராமணர்கள் நிலத்தை விற்று வெளியேறியதும், பிராமணரல்லாதார் இயக்கமும், வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையும் சேர்ந்து அப்பிணைப்பைத் தளர்த்தின. மதிப்பு ஓரிடத்திலும் அதிகாரம் வேறிடத்திலுமாகப் பிரியத் தொடங்கின.

இப்பிரிவு எல்லோருக்கும் ஒரே அளவில் பயன்தரவில்லை என்பதே இங்கு அழுத்திச் சொல்லவேண்டியது. நன்செய் விளைச்சலில் நில உடைமையாளரின் பங்கு 40 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்ற 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், குத்தகையே இல்லாத கூலியாளின் களத்துமேட்டை எட்டவில்லை. சாதியிலும் உடைமையிலும் அதிகாரத்திலும் ஒருசேரக் கடைசியில் நின்றவருக்கு முடிச்சு இறுகியபடியே இருந்தது.

1968 டிசம்பர் 25 அன்று அதே தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்டு எரிந்து மாண்ட 44 தலித்துகளில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அங்கே எதிரே நின்றவர்களில் முதன்மையான நிலக்கிழார் பிராமணர் அல்லர். கூலியாட்கள் கூடுதல் நெல்லைக் கூலியாகக் கேட்டது வர்க்கக் கோரிக்கைதான்; எனினும் கைகட்டி நிற்காமல் செங்கொடிச் சங்கமாகத் திரண்டு கேட்டதைத் தங்கள் மதிப்பின்மீது விழுந்த அடியாகவே நிலக்கிழார்கள் கொண்டனர். கீழமை நீதிமன்றம் தண்டித்த அவர்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்ததில், மூன்றாம் அளவுகோலான அதிகாரம் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதும் வெளிப்பட்டது.